கணினி தேடும் வழி



வீட்டில் பால் வெட்டும் கத்தியைக் காணோம். பிள்ளையை அழைத்து, "அடுப்படியில் பார், கட்டிலுக்கு அடியில் பார், பின்வாசலில் பார்" என்கிறோம். பிள்ளை மூன்று இடத்தையும் பார்த்துவிட்டு வந்து "இல்லை" என்கிறது. கத்தியோ சைக்கிளில் தொங்கும் பையில் இருக்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை. நாம் சொன்ன மூன்று இடங்களிலும் கத்தி இல்லை என்பதே அதன் சொல்லுக்குப் பொருள். நாமோ கத்தி தொலைந்துபோயிற்று என்று எண்ணி, புதுக் கத்தி வாங்கப் புறப்பட்டுவிடுகிறோம்.

கணினியும் அந்தப் பிள்ளையைப் போன்றதே. "காணவில்லை" என்று அது சொல்லும்போது, "நீங்கள் எனக்குச் சொல்லிவைத்த இடங்களில் காணவில்லை" என்றே நாம் கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் தோட்டத்துக் குடும்பங்கள் வீணே பணம் செலவிடுகின்றன. பிள்ளைகளும் "இந்தப் படிப்பு எனக்கு வராது" என்று சோர்ந்துவிடுகிறார்கள். ஆகவேதான் இன்று இதனைப் பேச எடுத்துக்கொண்டோம்.

செம்பனைத் தோட்டமொன்றில் வாழும் ஒரு தாயார் அண்மையில் தம் மகனையும் அவனுடைய மடிக்கணினியையும் நம்மிடம் அழைத்து வந்தார். மகன் பாலிடெக்னிக்கில் முதலாண்டு மாணவன். பைத்தான் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதும் பாடம் அவனுக்கு இருந்தது. நிரல் என்றால் கணினி செய்ய வேண்டியதை வரிசையாக எழுதித் தரும் கட்டளைத் தொடர். பைத்தானை மூன்று முறை நிறுவியும் அவனுடைய நிரல் ஓடவில்லை. கடையில் காட்டியபோது, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டும், 150 வெள்ளி ஆகும் என்றார்களாம். "பணத்தைக்கூடப் பார்க்கவில்லை ஐயா. இவன் பாட வேலையெல்லாம் அதற்குள் இருக்கிறதே, திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமே" என்றார் அந்த அம்மையார். மகன் தலையைக் குனிந்தபடி இருந்தான்.

கணினியைத் திறந்து பார்த்தோம். அதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. எதுவும் தொலையவும் இல்லை. பைத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. தொல்லையே அதுதான். அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்வதற்கு முன், நூலகம் என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. வர்க்கமூலம் காண்பது, அட்டவணை போடுவது, படம் வரைவது போன்ற பொது வேலைகளுக்குப் பிறர் முன்பே எழுதிவைத்த நிரல்கள் உண்டு. அவற்றின் தொகுப்பே நூலகம், ஆங்கிலத்தில் லைப்ரரி. இந்தப் பெயர் வெறும் உவமையாக வந்ததன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினி 1949ஆம் ஆண்டு மே மாதம் ஓடத் தொடங்கியது. அதற்கென எழுதப்பட்ட பொது நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களாக ஓர் எஃகு அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் அதனைப் பற்றி 1951இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அப்போது அந்த அலமாரியில் 87 நிரல்கள் இருந்தன. வேண்டிய நாடாவை அலமாரியிலிருந்து எடுத்து, ஒரு கருவியில் பொருத்தி, தாம் தயாரிக்கும் நாடாவில் படியெடுத்துக்கொள்வார்கள்.

கவனியுங்கள். அந்தக் காலத்தில் நூலகத்தில் தேடியது மனிதக் கை. எந்த நாடா எங்கே இருக்கிறது என்று மனிதருக்குத் தெரியும். இன்று தேடும் வேலையைக் கணினியே செய்கிறது. ஆனால் அது வட்டு முழுவதையும் துழாவிப் பார்ப்பதில்லை. பல இலட்சம் கோப்புகள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அப்படித் துழாவினால் வேலை நடக்காது. ஆகையால் "இன்னின்ன இடங்களில், இன்ன வரிசையில் பார்" என்று ஒரு பட்டியல் அதனிடம் கொடுத்துவைக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்குப் பாத் என்று பெயர். தமிழில் பாதை என்று சொல்லலாம். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே அது இந்த வடிவில் வழங்கிவருகிறது. விண்டோஸில் இடங்களுக்கு நடுவே அரைப்புள்ளி வரும். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் முக்காற்புள்ளி வரும். வேறுபாடு அவ்வளவே.

இனி அந்த மாணவனின் கணினிக்கு வருவோம்.

அவன் முதலில் பைத்தானை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து இறக்கி நிறுவினான். அந்த நிறுவியின் முதல் திரையில், அடியில் ஒரு சிறு கட்டம் இருந்தது. பைத்தானைப் பாதையில் சேர்க்கட்டுமா என்று கேட்கும் கட்டம் அது. நாமாகக் குறி இட்டால் ஒழிய அது வெறுமையாகவே இருக்கும். அவன் அதைக் கவனிக்கவில்லை. அதில் அவனைக் குறை சொல்வதற்கில்லை. பாதை என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையே!

பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையைத் திறந்து பைத்தான் என்று தட்டினான். "பைத்தான் காணப்படவில்லை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவிக்கொள்ளலாம்" என்ற பொருளில் விடை வந்தது. கத்தி தேடிய பிள்ளையின் கதைதான்! பைத்தான் கணினியில் இருந்தது, பட்டியலில்தான் இல்லை. அவனோ நிறுவியது சரியாக நிற்கவில்லை என்று எண்ணி மீண்டும் நிறுவினான். அப்போதும் அதே கட்டத்தை விட்டுவிட்டான். மூன்றாம் முறை, கணினி சொன்னபடியே ஸ்டோருக்குப் போய் அங்கிருந்தும் நிறுவினான். அது இலவசந்தான், பணத்தால் நட்டமில்லை. ஆனால் இப்போது வீட்டில் இரண்டு பைத்தான்.

அடுத்து, அட்டவணைக் கணக்குகளுக்கு வேண்டிய பாண்டாஸ் என்னும் நூலகத்தைக் கறுப்புத் திரையிலிருந்து தருவித்தான். அது ஸ்டோர் பைத்தானின் அறைக்குள் போய் அமர்ந்தது. அவன் நிரல் எழுதிய எடிட்டரோ முதல் பைத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஓடவிடும்போதெல்லாம் "பாண்டாஸ் என்று ஒன்றும் இல்லை" என்றது. அதுவும் உண்மையே. அந்த அறையில் அது இல்லை.

இதனை எப்படிக் கண்டுபிடித்தோம்? ஊகித்தன்று, கணினியையே கேட்டு. இரண்டே வரியில் ஒரு நிரல் எழுதச் சொன்னோம். முதல் வரியில் சிஸ் என்னும் நூலகத்தை இம்போர்ட் செய்வது. இரண்டாம் வரியில் சிஸ், புள்ளி, எக்ஸிக்யூடபிள் என்பதை அச்சிடச் சொல்வது. "இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் எந்த முகவரியில் இருக்கிறது" என்று கேட்கும் கேள்வி அது. அதே நிரலை எடிட்டரில் ஒரு முறையும், கறுப்புத் திரையில் ஒரு முறையும் ஓடவிட்டோம். இரண்டு முகவரிகள் வந்தன. அவற்றைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னோம். மாணவன் எழுதி முடிக்கும் முன்னரே நிமிர்ந்து பார்த்தான். அதற்குமேல் நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் டபிள்யூ, எச், இ, ஆர், இ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பைத்தான் என்று தட்டினால், பாதைப் பட்டியலில் உள்ள பைத்தான்களின் முகவரிகள் வரிசையாக வரும். முதலில் வருவதே ஓடும். சில கணினிகளில் கறுப்புத் திரைக்குப் பதிலாக பவர்ஷெல் என்னும் திரை திறக்கும். அதில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. ஆகையால் அங்கே சொல்லோடு புள்ளியும் இ, எக்ஸ், இ என்ற மூன்று எழுத்துகளும் சேர்க்க வேண்டும்.

காரணம் தெரிந்தபின் மருந்து எளிது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, ஸ்டோர் பைத்தானை விண்டோஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் நீக்கினோம். பிறகு முதல் பைத்தானின் நிறுவியை மறுபடி திறந்து, மாற்றியமை என்னும் பொத்தானை அழுத்தி, பின்னர் வந்த பக்கத்தில் பாதையில் சேர்ப்பதற்கான கட்டத்தில் குறியிட்டோம். துடைத்தழிக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

மாணவன் ஆவலோடு, முன்பே திறந்திருந்த கறுப்புத் திரையில் பைத்தான் என்று தட்டினான். மறுபடியும் "காணப்படவில்லை"! அவன் முகம் வாடிவிட்டது. பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆதலால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம்.

காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த வேலைக்காடு என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆள் காட்டுக்குப் போய்விட்ட பிறகு ஆபீசில் கிராணி பட்டியலைத் திருத்தினால், போனவருக்கு அது தெரியுமா? தெரியாது. காலையில் காதில் விழுந்ததை வைத்தே அவர் வேலை செய்வார். மறுநாள் பெரட்டுக்கு வந்தால்தான் புதிய பட்டியல். கறுப்புத் திரையும் திறக்கப்படும் நொடியில்தான் பாதைப் பட்டியலைப் பெற்றுக்கொள்கிறது. அதன்பின் நாம் செய்யும் திருத்தம் அதற்கு எட்டாது. திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். எடிட்டருக்குள்ளேயே ஒரு கறுப்புத் திரை இருந்தால், அது எடிட்டர் பெற்ற பட்டியலையே வாங்கிக்கொள்ளும். எனவே எடிட்டர் முழுவதையும் மூடித் திறக்க வேண்டும். மூடினோம், திறந்தோம், தட்டினோம். பைத்தான் வந்தது.

பாண்டாஸை மறுபடி தருவிக்கும்போது ஒரு முறையைக் கையாளச் சொன்னோம். நூலகங்களைத் தருவிக்கும் கருவிக்குப் பிப் என்று பெயர். அதனைத் தனியாக அழைத்தால், அது எந்தப் பைத்தானைச் சேர்ந்த பிப் என்பது ஐயத்துக்கு இடமாகும். பைத்தான், பிறகு சிறு கோடும் எம் என்னும் எழுத்தும், பிறகு பிப், பிறகு இன்ஸ்டால், பிறகு நூலகத்தின் பெயர் என்று தட்டினால், நாம் அழைத்த பைத்தானின் அறைக்கே நூலகம் போய்ச் சேரும். சில எழுத்து கூடத் தட்டுவதால் நான்கு நாள் அலைச்சல் மிச்சமாகிறது.

பாதைப் பட்டியலை நாமே கையால் திருத்த நேர்வதும் உண்டு. விண்டோஸின் தேடு கட்டத்தில் என்விரான்மென்ட் என்று தட்டினால், உங்கள் கணக்குக்கான சூழல் மாறிகளைத் திருத்தும் பக்கம் கிடைக்கும். அதில் பாத் என்பதைத் தேர்ந்து, திருத்து என்பதை அழுத்தினால் பட்டியல் விரியும். நியூ என்பதை அழுத்திப் புதிய முகவரியைச் சேர்க்கலாம். சேர்க்கலாம் என்றுதான் சொல்கிறோம், இருப்பதை அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் தன் கருவிகளைத் தேடுவதும் இந்தப் பாதையில்தான். திருத்தும் முன் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்வது நல்லது. செட்எக்ஸ் என்றொரு கட்டளையால் ஒரே வரியில் இதனைச் செய்யலாம் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அது 1,024 எழுத்துக்குமேல் உள்ளதை வெட்டிவிடும். நீண்ட பட்டியல் அரைகுறையாகிப் போகும். நாம் அதனை மாணவர்களுக்குச் சொல்லித் தருவதே இல்லை.

இதுவரை பைத்தானை எங்கே தேடுவது என்ற பட்டியலைப் பற்றிப் பேசினோம். பைத்தான் ஓடத் தொடங்கியபின், நூலகங்களை எங்கே தேடுவது என்று அதனிடம் இன்னொரு பட்டியல் இருக்கிறது. அதற்குச் சிஸ் பாத் என்று பெயர். அதில் முதலிடம், ஓடவிடும் நிரல் இருக்கும் அதே கோப்புறைக்கு. பைத்தானோடு கூடவந்த நூலகங்களின் இடம் அதற்குப் பின்னர்தான். நாம் தருவித்தவை இருக்கும் சைட் பேக்கேஜஸ் என்னும் கோப்புறை எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்த வரிசையால் ஒரு வேடிக்கை நேரும். ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முதல் லயத்தில், மற்றவர் கடைசி லயத்தில். கடிதத்தில் முனியாண்டி என்று மட்டும் எழுதியிருந்தால், முதல் லயத்துக்காரர் கையில்தான் அது சேரும். கடைசி லயத்தார் இருப்பதே தபால் கொண்டு வருபவருக்குத் தெரியவராது. தாயக்கட்டை உருட்டுவதுபோல் எண்கள் விழச் செய்யும் நூலகம் ஒன்று பைத்தானில் உண்டு. அதன் பெயர் ராண்டம். தாய விளையாட்டு ஒன்றை எழுதப் புகும் மாணவன் தன் கோப்புக்கும் ராண்டம் என்றே பெயர் வைத்துவிடுகிறான். இயல்புதானே! பிறகு ராண்டத்தைக் கொண்டுவா என்று எழுதினால், பைத்தான் முதலில் அவனுடைய கோப்புறையைப் பார்க்கிறது, அவனுடைய கோப்பையே எடுத்துக்கொள்கிறது, அதில் தாயம் போடும் வழி இல்லையே என்று புகார் செய்கிறது. எத்தனை முறை பைத்தானை நிறுவினாலும் இது தீராது. கோப்பின் பெயரை மாற்றினால் அந்த நொடியே தீரும். 2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13 முதல், பெயர் மோதுகிறது, மாற்றிப் பார் என்று பைத்தானே சொல்லத் தொடங்கியிருக்கிறது. கொஞ்சம் தாமதமாக வந்த உதவி என்பது நம் எண்ணம்.

பைத்தான்பாத் என்னும் சூழல் மாறியில் நூலக முகவரியை எழுதிவைத்தால் எல்லாம் சரியாகும் என்ற யோசனையும் பிள்ளைகள் காதில் விழும். அந்த முகவரி கணினியில் உள்ள எல்லாப் பைத்தான்களுக்கும் பொதுவாகிவிடும். ஒன்றுக்கென வந்த நூலகம் மற்றொன்றின் கையில் சிக்கி, இருந்த தொல்லை இரட்டிக்கும். முதலாண்டு மாணவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

அதைவிடச் சிறந்த வழி, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனிச் சூழல் அமைத்துக்கொள்வது. வென்வ் என்று பைத்தானிலேயே அதற்கொரு கருவி உண்டு. பாடத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு பைத்தான், அதற்கென நூலகங்கள். ஒன்று கெட்டாலும் மற்றவற்றுக்குச் சேதமில்லை. அந்தச் சூழலை இயக்குவது என்பதும் ஏதோ மாயமன்று. அந்தக் கோப்புறையின் முகவரியைப் பாதைப் பட்டியலின் தலையில் சேர்ப்பதே அதன் முக்கிய வேலை. புதிய கறுப்புத் திரை திறக்கும்போது மறுபடியும் இயக்க வேண்டும். ஏன் என்பது பெரட்டுக் கதையைக் கேட்ட உங்களுக்கு இப்போது தெரியும்.

லினக்ஸில் சி மொழி பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே நூலகம் இரண்டு தடவை தேடப்படுகிறது. நிரலைத் தொகுக்கும்போது ஒரு முறை, ஓடவிடும்போது மறுமுறை. தொகுத்தது வெற்றியாகி, ஓட்டியது தோல்வியானால் திகைக்க வேண்டாம். எல், டி, டி என்னும் கட்டளை எந்த நூலகம் கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லும். புதிதாக நிறுவிய நூலகமானால், எல்டிகான்ஃபிக் என்னும் கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஒரு முறை ஓட்டினால் பெரும்பாலும் போதும். நூலகங்களின் பதிவேட்டை அது புதுப்பித்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்வோம். இவற்றில் ஒரு கட்டளைகூட உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை "கணினி கெட்டுவிட்டது" என்று வந்தால், இரண்டு முகவரிகளைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பொருள் இருக்கும் முகவரி ஒன்று. கணினி தேடும் முகவரி மற்றொன்று. கடையில் துடைத்தழிக்க வேண்டும் என்றாலும், அந்தத் தாளைக் காட்டிவிட்டு, "இவை இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். வட்டு மெய்யாகவே பழுதாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போது கடைக்காரரின் உழைப்புக்குரிய கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு முகவரி எழுத விட்டுப்போனதற்கு 150 வெள்ளி அதிகம்.

அந்த மாணவனின் அட்டவணை, விளக்கு வைக்கும் நேரத்தில் திரையில் வந்தது. அந்த அம்மையார் உடனே கணினியை மூடிப் பையில் வைக்கப் போனார். நாம் தடுத்தோம். கறுப்புத் திரையையும் எடிட்டரையும் மூடச் சொல்லி, மறுபடி திறந்து, இரண்டாம் முறையும் அட்டவணை வருகிறதா என்று அவனையே பார்க்கச் சொன்னோம். வந்தது. அதன் பிறகே எழுந்தோம்.